ஆன் செய்ததும் அணையும் கம்ப்யூட்டர்: பாகத்தை மாற்றும் முன் விநாடியை எண்ணுங்கள்

பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, கொஞ்ச நேரத்தில் 'டப்' என்று எல்லாம் அடங்கிவிடுகிறது. இந்தப் புகாரோடு பழுதுபார்க்க வரும் டெஸ்க்டாப்களில் பலவற்றுக்கு ஏற்கெனவே ஒரு வைத்தியம் நடந்திருக்கும். யாரோ சொன்னார்கள் என்று விண்டோஸை ஃபார்மட் செய்திருப்பார்கள், இல்லையென்றால் புது எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) மாட்டியிருப்பார்கள். ஃபார்மட்டில் பிள்ளைகளின் போட்டோவும் கடைக் கணக்கும் போயிருக்கும், பழுது மட்டும் அப்படியே இருக்கும். இந்த நஷ்டம் தவிர்க்கக்கூடியது.

எதையும் வாங்கும் முன் போனில் ஸ்டாப்வாட்சை வைத்து, பட்டனை அழுத்தியதிலிருந்து அணையும் வரை எவ்வளவு நேரம் என்று அளந்து எழுதுங்கள். காலையில் நன்றாக ஆறிய நிலையில் ஒரு தடவை, அணைந்த கையோடு ஒரு தடவை, அரை மணி நேரம் விட்டு ஒரு தடவை. இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

அணையும்போது மானிட்டரையும் கவனியுங்கள். மானிட்டர் விளக்கும் சேர்ந்து அணைந்தால் கோளாறு கேபினட்டுக்கு வெளியே: யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தளர்ந்த பிளக் ஆகியவற்றில் ஒன்று. வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரிதான் இருக்கும். அது செத்துவிட்டால், கரண்ட் இருக்கும்போதே லோடு ஏறிய நொடியில் சில யுபிஎஸ்கள் விழுந்துவிடும். யுபிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். மானிட்டர் உயிரோடு 'நோ சிக்னல்' காட்டினால்தான் கேபினட்டைத் திறக்க வேண்டும்.

விண்டோஸ் காரணமா என்பதையும் கழற்றாமலே தீர்மானிக்கலாம். ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டி, ஹெச்பியில் எஃப்10, பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் வரும் மதர்போர்டின் செட்டிங் திரை) போய் அங்கேயே விட்டுவிடுங்கள். பயாஸ் திரையில் விண்டோஸுக்கு வேலையே இல்லை. அங்கேயே அணைந்தால் ஃபார்மட் செய்வதில் எந்தப் பயனும் கிடையாது. பயாஸில் 20 நிமிடம் நின்று, விண்டோஸ் ஏறும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆனால் அது நீலத்திரைப் பிழையாக இருக்கலாம். 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக்கை எடுத்துவிட்டால் பிழை எண் திரையிலேயே நிற்கும். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று வருவதைக் காட்டி இதுதான் நோய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டுமே அது பதிவு செய்கிறது, ஏன் என்று சொல்வதில்லை.

ஒரு விநாடிகூட ஓடாமல், ஃபேன் பாதிச் சுற்று சுற்றி நின்றால் எங்கோ ஷார்ட். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெட்டிவிடுகிறது. மதர்போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்டு ஓட்டை இல்லாத இடத்தில் நிற்பது, போர்டுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும் ஸ்க்ரூ, முன்பக்க யுஎஸ்பி போர்ட்டில் வளைந்து ஒன்றையொன்று தொடும் கம்பி ஆகியவை வழக்கமான இடங்கள். பல்லியும் எறும்பும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போய் மாட்டுவதும் நம் ஊரில் நடப்பதுதான். வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி மிச்சக் கரண்டை வடியவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: கிராபிக்ஸ் கார்டு, ஹார்டிஸ்க், டிவிடி, முன்பக்க யுஎஸ்பி. மதர்போர்டு, ப்ராசஸர், அதன் மேல் உட்காரும் கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் மிஞ்சட்டும். ப்ராசஸரிலேயே டிஸ்ப்ளே வசதி இல்லாவிட்டால் கிராபிக்ஸ் கார்டு மட்டும் இருக்கட்டும். நின்று ஓடினால், கழற்றியதை ஒன்றொன்றாக மாட்டும்போது எதில் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. புதிதாக அசெம்பிள் செய்ததென்றால் ப்ராசஸர் அருகே போகும் 4 அல்லது 8 பின் 12 வோல்ட் கனெக்டரையும் பாருங்கள், அடிக்கடி மறந்துபோவது அதுதான்.

எப்போது போட்டாலும் சரியாக 4, 5 விநாடியில் அணைகிறதா? பவர் பட்டனைச் சந்தேகப்படுங்கள். பட்டனை 4 விநாடி தொடர்ந்து அழுத்தினால் கம்ப்யூட்டரை வலுக்கட்டாயமாக அணைப்பது மதர்போர்டின் வழக்கம். அழுக்கேறிய பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டால், யாரோ விடாமல் அழுத்துவதாகவே போர்டு எடுத்துக்கொள்ளும். முன்பக்க வயர்கள் சேரும் இடத்தில் 'பவர் எஸ்டபிள்யூ' என்று எழுதிய ஜாக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு பின்களை, பெரும்பாலான போர்டுகளில் 6, 8, ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொடுங்கள். இப்போது நின்று ஓடினால் ரிப்பேர் ஒரு ஸ்விட்சோடு முடிந்தது. ரீசெட் ஸ்விட்ச் நன்றாக இருந்தால் அதன் வயரையே பவர் பின்னில் மாட்டிப் பிழைப்பு ஓட்டலாம். இந்த ஒரு நிமிட சோதனையைச் செய்யாமல் மதர்போர்டு போச்சு என்று சொல்லும் இடத்தில் கம்ப்யூட்டரை விடாதீர்கள்.

பத்து விநாடி முதல் ஐந்து நிமிடத்துக்குள் அணைந்து, உடனே மறுபடி போட்டால் முன்பைவிடச் சீக்கிரம் அணைந்து, அரை மணி ஆறவிட்டால் மறுபடி நீண்ட நேரம் ஓடினால் அது சூடு. பெரும்பாலான இன்டெல் ப்ராசஸர்கள் 100 டிகிரியை ஒட்டி வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் ஏறினால் கரண்டையே வெட்டச் சொல்லி சிக்னல் கொடுத்துவிடும். பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தில் 'சிபியு டெம்பரேச்சர்' இருக்கும். ஒழுங்கான மெஷினில் அது 40, 50 டிகிரியில் நின்றுவிடும். உட்கார்ந்து பார்க்கும்போதே 60, 70, 85 என்று ஏறிக்கொண்டே போனால் வேறு சோதனை வேண்டாம், கூலரைப் பாருங்கள்.

ஃபேன் சுற்றுகிறது என்பதால் கூலர் நன்றாக இருப்பதாக முடிவு கட்டாதீர்கள். ஃபேனைக் கழற்றினால் அதற்கும், சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே தூசி ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்து, காற்றே கீழே இறங்காமல் இருப்பதைப் பார்க்கலாம். பிளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்கள்தான் அதிகம் ஏமாற்றுபவை. மேலிருந்து பார்த்தால் நான்கும் உட்கார்ந்ததாகத் தெரியும், ஒன்று மட்டும் தூக்கிக்கொண்டிருக்கும். தலையில் உள்ள அம்புக்குறிப் பக்கம் திருப்பினால் கால் கழலும். மாட்டும்போது அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டாக 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்திவிட்டு, போர்டின் பின்பக்கம் பாருங்கள். கறுப்பு ஊசி வெள்ளைக் கால்களின் நடுவே புகுந்து அவற்றை விரித்திருந்தால்தான் பிடிப்பு. கூலரை எடுத்தால், ப்ராசஸரிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, நடுவில் சின்னப் பட்டாணி அளவு புது பேஸ்ட் வையுங்கள். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்பது தவறு. புதுக் கூலரென்றால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்றும் பாருங்கள். ஏஎம்4 சாக்கெட் போன்றவற்றில் மாட்டும், அடியில் பின் உள்ள ஏஎம்டி ப்ராசஸர்களில் கூலரை நேராக இழுத்தால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே இடம் வலமாகத் திருகி எடுக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் அதிகம் விற்கும் பழைய ஹெச்பி காம்பேக் அலுவலக மெஷின்களில் பல இதை வாய்விட்டே சொல்லும். சிவப்பு விளக்கு 2 தடவை மின்னி 2 பீப் கேட்டால் ப்ராசஸர் சூடு, 4 தடவை என்றால் பவர் சப்ளை.

நான்காவது வகை சூட்டுக்கு நேர் எதிரானது. காலையில் முதல் தடவை போட்டதும் அணையும், பத்து முறை தட்டிய பிறகு சாயங்காலம்வரை ஓடும். இங்கே கெபாசிட்டர் (கரண்டைச் சேமித்துச் சீராக்கும் சின்ன உருளை) கிழடாகிவிட்டது. வயதான எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் உள்தடை குளிரில் அதிகம், கொஞ்சம் சூடேறியதும் குறையும், அதனால்தான் தட்டத் தட்ட உயிர் வருகிறது. 'எப்படியோ ஓடுகிறதே' என்று விடாதீர்கள், சீரில்லாத கரண்டில் ஹார்டிஸ்கும் சேர்ந்து போகும். மதர்போர்டில் ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அதே மைக்ரோஃபாரடும் அதே அல்லது சற்று அதிக வோல்ட்டும் உள்ள, 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டரைப் போர்டு வேலை தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்பட்டால் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் கிளிப்பால் இணைத்து, ஃபேன் சுற்றினால் நல்லது என்று தீர்ப்பு சொல்வது கடைகளில் பழக்கம். லோடே இல்லாமல் சுற்றுவதில் எதுவும் நிரூபணமாகாது. கம்ப்யூட்டர் ஓடும்போதே மதர்போர்டில் மாட்டியிருக்கும் 24 பின் கனெக்டரின் பின்புறம் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் இருக்க வேண்டும். அணையும் முன் மஞ்சள் 11-க்குக் கீழே சரிந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். ஆனால் அதைப் பிரிக்க மட்டும் வேண்டாம்: 230 வோல்ட் உள்ளே 320-ஐத் தாண்டிய டிசியாக நிற்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும்.

புதிது வாங்கும்போது '450 வாட்' என்ற பெரிய எழுத்தைப் பார்க்காமல் லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 16 ஆம்பியர் என்றால் ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்து 192 வாட்தான். பிராண்டட் டெல், ஹெச்பி மெஷின்கள் பலவற்றில் கனெக்டரே வேறு, சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

டிடிஆர்5 வகை ராம் போடும் புது போர்டில் முதல் தடவை ஆன் செய்தால் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், தானே ஓரிரு முறை அணைந்து எழும். அது பழுதல்ல, ராமைப் பழகிக்கொள்ளும் வேலை. அப்போது பட்டனைத் தட்டாமல் பத்து நிமிடமாவது விடுங்கள்.