செல்லுக்குள் புகுந்த கிருமியும் 22 எழுத்து ஆர்என்ஏவும்

மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல் ஒரு பாக்டீரியாவை விழுங்கினால், அதை அடைத்த பை செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமுடன் இணைந்து, கிருமி சிதைய வேண்டும். காசநோய்க் கிருமி அந்த இணைப்பையே தடுத்து, உள்ளேயே தங்கிவிடுகிறது. அங்கே எதிர்ப்பொருள்கள் எளிதில் எட்டுவதில்லை. ஆகவே செல் தன் மரபணுக்களின் வேலையை மாற்றிக்கொண்டுதான் போராட வேண்டும். அந்த மாற்றத்தின் அளவைக் கட்டுப்படுத்துபவற்றுள் மைக்ரோஆர்என்ஏக்கள் என்னும் குட்டி ஆர்என்ஏ துணுக்குகளும் அடங்கும்.

உருளைப்புழுவில் 1993இல் முதன்முதலாக அறியப்பட்ட இவற்றுக்காக விக்டர் ஆம்புரோஸ், கேரி ரவ்குன் இருவரும் 2024இல் நோபல் பரிசு பெற்றனர். சுமார் 22 நியூக்ளியோடைடு, அதாவது 22 ஆர்என்ஏ எழுத்து, நீளமே உள்ள இந்தத் துணுக்கு, ஆர்கோனாட் புரதத்தில் அமர்ந்தபடி, மரபணுவின் செய்தியைப் புரத உற்பத்திக்குக் கொண்டுசெல்லும் தூது ஆர்என்ஏவின் வால்பகுதியில் தனக்குப் பொருந்தும் வரிசையைப் பற்றிக்கொள்கிறது. முழு நீளமும் பொருந்த வேண்டியதில்லை. 2ஆம் எழுத்திலிருந்து 8ஆம் எழுத்துவரை பொருந்தினாலே பெரும்பாலும் போதும். புரத உற்பத்தி அதனால் முற்றிலும் நின்றுவிடுவதில்லை, மட்டுப்படுகிறது.

மிர்-146ஏ என்னும் மைக்ரோஆர்என்ஏ இதற்கு நல்ல சான்று. பாக்டீரியாவின் மூலக்கூறுகளைச் செல்லின் உணர்விகள் கண்டதும், ஐராக்1, டிராஃப்6 ஆகிய புரதங்கள் வழியாகச் சென்ற செய்தி, மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பாபி என்னும் புரதத்தைத் தூண்டி, அழற்சி மரபணுக்களை முடுக்குகிறது. அதே என்எஃப்-கப்பாபிதான் மிர்-146ஏவையும் உருவாக்கச் செய்கிறது. அதுவோ திரும்பி வந்து ஐராக்1, டிராஃப்6 இரண்டையும் குறைக்கிறது. முடுக்கிய கையே தடையையும் போடுகிறது என்பதால், அழற்சி எல்லை மீறித் திசுவை அழிப்பதில்லை. உடன் தோன்றும் மிர்-155, சாக்ஸ்1 என்னும் தடுப்புப் புரதத்தை அடக்கி, எதிர்வினையை மேலும் கூட்டுகிறது.

சில சமயம் மைக்ரோஆர்என்ஏ விலகுவதே தற்காப்பாகிறது. மேக்ரோஃபேஜைக் கிருமிக்கு எதிராக ஊக்குவிக்கும் இன்டர்ஃபெரான்-காமாவை மிர்-29 அடக்கி வைக்கிறது. எலிகளில் செல்லுக்குள் வாழும் லிஸ்டீரியா பாக்டீரியா தொற்றியபோது டி செல்களிலும் இயற்கைக் கொல்லிச் செல்களிலும் மிர்-29 குறைந்து, இன்டர்ஃபெரான் பெருகியது.

ஆனால், தடை இருக்குமிடத்தைக் கிருமியும் அறிந்தாற்போல நடந்துகொள்கிறது. காசநோய்க் கிருமி, மேக்ரோஃபேஜில் மிர்-33ஐ அதிகரிக்கச் செய்து, செல் தன் உட்பொருள்களையும் உள்ளே புகுந்த கிருமிகளையும் சிதைக்கும் தன்விழுங்கலை முடக்குகிறது. ஆய்வில் மிர்-33ஐத் தடுத்தபோது தன்விழுங்கல் மீண்டு, கிருமிகள் குறைந்தன. மிர்-33 கொழுப்பை எரிக்கும் மரபணுக்களையும் அடக்குவதால் செல்லில் கொழுப்புத் துளிகள் சேர்கின்றன. உள்ளே ஒளிந்திருக்கும் கிருமிக்கு அவையே உணவாகின்றன.