40 ஆண்டு கிடந்த கட்டையில் ஒரு வில்

பார்த்தால் விறகுக்கட்டை என்றுதான் தோன்றும். வெளியே சாம்பல் பூத்த பழுப்பு நிறம். இரண்டு முனைகளிலும் வெடிப்பு. பட்டையைத் தட்டினால் வண்டு அரித்த தூள் கொட்டும். கத்தியால் ஓரிடத்தில் சுரண்டிப் பார்த்தால் கதையே வேறு: உள்ளே, ஒடித்த மஞ்சள் கிழங்கின் நிறம் பளிச்சென்று தெரியும். அமெரிக்காவின் டெக்சஸ், ஓக்லஹோமா, கான்சஸ் பக்கத்துப் பண்ணைகளின் பரண்களில் இப்படிப் பல ஆண்டுகள் கிடக்கும் ஓசேஜ் ஆரஞ்சு மரக் கட்டைகளுக்கு, மர வில் செய்கிறவர்களிடம் தனி மவுசு உண்டு. "தாத்தா வெட்டிப் போட்டது, 40 வருஷமாகக் காய்கிறது" என்று யாராவது சொன்னால் போதும், கண் விரிந்துவிடும்.

அந்த 40 வருஷம் கட்டைக்குள் என்ன செய்திருக்கும்? பலரும் நினைக்கும் அளவுக்கு ஒன்றும் செய்திருக்காது என்பதுதான் என் கட்சி. ஆனால் அது செய்த கொஞ்சமும் லேசுப்பட்டதல்ல.

முதலில் மரம். ஓசேஜ் ஆரஞ்சுக்கும் நமக்குத் தெரிந்த ஆரஞ்சுக்கும் உறவே இல்லை. பலா, ஆல், மல்பெரி எல்லாம் சேர்ந்த குடும்பத்து மரம் இது. கிளையை ஒடித்தால் பால் வடியும். காய் பச்சையாக, மூளையைப் போல மடிப்பு மடிப்பாக உருண்டு இருக்கும். பெயரின் முன்பாதி ஓசேஜ் பழங்குடியினருடையது. அங்கே வந்த பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் நேராகவே பெயர் வைத்தார்கள்: 'புவா தார்க்', வில் மரம். இயற்கையாக வளர்ந்த இடம் சிவப்பு ஆற்றை ஒட்டிய சின்னப் பகுதிதான். ஆனாலும் 1811-ல் மிசௌரி ஆற்றின் வழியே போன தாவரவியலாளர் ஜான் பிராட்பரி, நூற்றுக்கணக்கான மைல் வடக்கே வாழ்ந்த அரிக்கரா மக்களிடம் இந்த மரத்து வில்லைப் பார்த்தார். அதன் விலை ஒரு குதிரையும் ஒரு கம்பளியும் என்று குறித்துவைத்தார். பின்னாளில் குடியானவர்கள் இதன் முள்ளை நம்பி உயிர்வேலியாக நட்டார்கள். 1870-களில் முள்கம்பி வந்த பிறகு அந்த வேலிகள் பலவற்றுக்கு வேலை போயிற்று. பரணில் கிடக்கும் கட்டைகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட வேலி மரங்களிலிருந்து வந்தவைதான்.

சரி, வில்லுக்கு ஏன் இந்த மரம்?

வில்லை வளைக்கும்போது எய்பவருக்கு எதிர்ப்புறம் இருக்கும் பக்கம் நீள்கிறது. எய்பவரைப் பார்க்கும் பக்கம் நெருங்குகிறது. முதலாவதை முதுகு என்றும் இரண்டாவதை வயிறு என்றும் சொல்வது வழக்கம். நடுவில் எங்கோ நீளவும் நெருங்கவும் செய்யாத ஒரு தளம் இருக்கும். எவ்வளவு நீள்கிறது என்பதற்குக் கணக்கு எளிது. 1.5 சென்டிமீட்டர் தடிமனுள்ள மரத்தை 75 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டமாக வளைத்தால், முதுகு ஏறக்குறைய 1 சதவீதம் நீளும், வயிறு அதே அளவு நெருங்கும். 1 சதவீதம் என்றால் கேட்க அற்பமாக இருக்கிறது. மரத்துக்கு அது கிட்டத்தட்ட எல்லைக்கோடு.

இழுவையைத் தாங்குவதில் மரம் பொதுவாகக் கெட்டிக்காரன். நெருக்கலில்தான் முதலில் தோற்கும். மரத்தின் செல்கள் நீளமான குழாய்கள். நீளவாக்கில் அமுக்கினால் குழாயின் சுவர் மடங்கிவிடும். அப்படி மடங்கிய மரம் நாணைக் கழற்றிய பிறகும் முழுதாக நிமிராது. வில்லுக்குக் கூன் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூன் விழுந்த வில் உடையாமல் பல காலம் இருக்கலாம், ஆனால் அம்பு சோம்பலாகப் போகும். ஓசேஜின் பெருமை இந்த இடத்தில்தான். உலர்ந்த மரத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.85 கிராம், நார்களின் சுவர் தடிமன். நெருக்கலை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்காது. அதனால் மற்ற மரங்களில் இரண்டு அங்குல அகலம் வைக்க வேண்டிய இடத்தில் இதில் ஒன்றரை அங்குலம் வைத்தாலே போதும்.

அடுத்து தண்ணீர். பழைய கட்டையின் ரகசியம் என்று ஏதாவது இருந்தால் அது இதற்குள்தான் இருக்கிறது.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கும். செல்லின் உள்வெளியில் தேங்கி நிற்பது ஒன்று. செல் சுவருக்குள்ளேயே ஊறி ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. தேங்கிய நீர் முதலில் போகும். அது போகும்வரை மரத்தின் எடைதான் குறையும், அளவு மாறாது. ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது சுவரில் ஊறிய நீர் கிளம்ப ஆரம்பிக்கிறது. அப்போதுதான் மரம் சுருங்கும், விறைக்கும், வெடிக்கும். ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைவிட அதிகம். நீளவாக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். ஒரே கட்டை ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு அளவு சுருங்கினால் எங்காவது கிழியத்தான் செய்யும். மேல்பகுதி காய்ந்து, உள்பகுதி இன்னும் ஈரமாக இருந்தால் கிழிசல் இன்னும் மோசம். முனைகள் வழியாக நீர் மிக வேகமாக வெளியேறும் என்பதால், வெட்டிய அன்றே முனைகளில் மெழுகோ பசையோ பூசிவிடுவார்கள். பட்டையை உரித்தால் முதுகுப் பக்கத்துக்கும் பூச வேண்டும்.

ஓசேஜ் மெதுவாகக் காயும் மரம். அதன் வைரப்பகுதியில் நீர் ஓடிய குழாய்களைச் சின்னச் சின்ன பலூன்கள் போன்ற சவ்வுகள் அடைத்துக்கொண்டிருக்கும். 'டைலோஸ்' என்பது அவற்றின் பெயர். தண்ணீர் உள்ளே புகவும் முடியாது, வெளியே வரவும் வழி கிடைக்காது. இந்த மரத்து வேலிக் கம்பம் மண்ணில் பல பத்தாண்டு மக்காமல் நிற்பதற்கு இது ஒரு காரணம், வைரத்தில் ஊறியிருக்கும் பூஞ்சைக்கொல்லிப் பொருள்கள் இன்னொரு காரணம்.

மரம் காய்வதற்கு முடிவு உண்டு. சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்ததும் நின்றுவிடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்தில் ஏறக்குறைய 9 சதவீதம் நிற்கும். 65 சதவீதமாக இருந்தால் 12. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கைக்கணக்கு. அப்படிப் பார்த்தால் பிளந்து வைத்த கட்டை இரண்டு மூன்று ஆண்டுகளில் சமநிலைக்கு வந்திருக்கும். மீதி 37 ஆண்டுகள் அது 'மேலும் காயவில்லை'. மழைக்காலத்தில் கொஞ்சம் ஈரம் குடித்து, வறண்ட காலத்தில் கக்கி, பரணில் மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தது, அவ்வளவுதான்.

அந்த 37 ஆண்டுகளில் நடந்தது வேறு. காயும்போது உள்ளே சிக்கிய இறுக்கங்கள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. வெடிக்க வேண்டிய இடமெல்லாம் வெடித்து முடிந்தது. முறுக வேண்டியது முறுகிவிட்டது. அவசரமாகக் காயவைத்த கட்டை, வில் பாதி செதுக்கிய பிறகு பக்கவாட்டில் கோணிக்கொண்டு போகலாம். பழைய கட்டை தன் குறையையெல்லாம் முன்னாலேயே காட்டிவிடுகிறது. பழைய மரத்தின் மதிப்பு எனக்கு இதில்தான் தெரிகிறது. வயதால் பலம் கூடுகிறது என்ற பேச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஜப்பானின் ஹோர்யூஜி கோயிலில் 1,300 ஆண்டுகள் நின்ற ஹினோக்கி (ஜப்பானிய சைப்ரஸ்) கட்டுமான மரத்தைச் சோதித்தவர்கள், விறைப்பு நன்றாகவே இருப்பதையும், ஆனால் மரம் நொறுங்கும் தன்மைக்கு வந்திருப்பதையும் கண்டார்கள். 40 ஆண்டில் அந்த அளவுக்கு எதுவும் ஆகிவிடாது. இருந்தாலும் வயது போகும் திசை அதுதான்.

வில்லுக்கு உகந்த ஈரம் 8 முதல் 10 சதவீதம். இரண்டு பக்கமும் பள்ளம். பச்சை மரம் 12 சதவீதத்துக்குக் காயும்போது நெருக்கலைத் தாங்கும் வலிமை பல மரங்களில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இழுவைத் தாக்குப்பிடிப்பு அந்த வேகத்தில் கூடுவதில்லை. ஆகவே ஈரம் மிஞ்சினால் வயிறு நசுங்கிக் கூன் விழும். ஈரம் 5, 6 என்று இறங்கிவிட்டால் வயிறு இரும்பாக நிற்க, முதுகு திடீரென்று அறுந்துபோகும். குளிர்காலம் முழுக்கச் சூடேற்றும் வீட்டுக்குள் கிடந்த கட்டைக்கு இந்த ஆபத்து உண்டு. எத்தனை வருஷம் காய்ந்தது என்பதை விட்டுவிட்டு, இப்போது எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். மீட்டர் இல்லையென்றால் தராசு போதும். கட்டையின் உட்பகுதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடை போட்டு, 100 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே அடுப்பில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை காயவைத்தால் கணக்கு வந்துவிடும். 109 கிராம் 100 கிராமாக வந்து நின்றால் ஈரம் 9 சதவீதம்.

கட்டையைக் கையில் எடுத்ததும் பயப்பட வேண்டியது வண்டுத் தூளுக்கு அல்ல. வண்டு பெரும்பாலும் மேலே இருக்கும் வெளிறிய வெள்ளைப் பகுதியைத்தான் தின்றிருக்கும். அதை எப்படியும் செதுக்கி எறியப் போகிறோம். நார் போகும் போக்கிலேயே நீளவாக்கில் ஓடும் வெடிப்பும் பெரிய தொல்லை இல்லை. வெடிப்பு சாய்ந்து ஓடி வில்லின் விளிம்பில் வெளியேறினாலோ, வளையங்களுக்கு இடையே பிளவு விட்டிருந்தாலோ, அந்தக் கட்டை வேறு எதற்காவது ஆகட்டும்.

பிறகு வருவதுதான் இந்த மரத்தில் வில் செய்கிறவர்கள் பாதி நாளைச் செலவழிக்கும் வேலை: ஒரே ஒரு ஆண்டு வளையத்தைப் பிடித்து, முனையிலிருந்து முனைவரை அதை மட்டும் முதுகாக வெளிக்கொண்டு வருவது. ஓசேஜில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு அடுக்கு வளரும். வசந்தத்தில் பெரிய துளைகளோடு ஒரு மெல்லிய அடுக்கு. கோடையில் அடர்ந்த, கெட்டியான அடுக்கு. இழுவையைத் தாங்குவது கோடை அடுக்கு. அதை ஓரிடத்தில் குறுக்கே வெட்டிவிட்டால் அங்கே நார்களின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வில்லை வளைக்கும்போது அந்த முனையில்தான் சிம்பு கிளம்பும். அதனால் வளையம் மேடானால் கத்தியும் மேடேற வேண்டும், கணு வந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இரு கையாலும் பிடித்து இழுக்கும் செதுக்குக்கத்தி வசந்த அடுக்கில் போகும்போது மொறுமொறுவென்று சத்தம் வரும். கோடை அடுக்கைத் தொட்டதும் சத்தம் அடங்கி, சீவல் நீளமாகச் சுருண்டு வரும். கண்ணைவிடக் காதை நம்பலாம். பச்சைக் கட்டையில் கத்தி வெண்ணெயில் போவதுபோலப் போகும். காய்ந்த பழைய கட்டையிலோ தோள்பட்டை கழன்றுவிடும். வளையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கோடை அடுக்கு தடித்து, வசந்த அடுக்கு மெலிந்து இருப்பதாகப் பார்க்க வேண்டும்.

முதுகு தயாரானதும் அதைத் தொடக்கூடாது. இனிச் சீவுவது எல்லாம் வயிற்றுப் பக்கம். இங்கே ஒரு கணக்கு தெரிந்திருந்தால் பல வில்கள் பிழைக்கும். அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். ஆனால் விறைப்பு தடிமனின் மும்மடியோடு (தடிமன் × தடிமன் × தடிமன்) போகிறது. 15 மில்லிமீட்டர் தடிமனில் 1 மில்லிமீட்டரைச் சீவினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, சுமார் 19 சதவீதம் போய்விடும். அரத்தை வைத்துவிட்டுச் சுரண்டும் தகட்டை எடுக்கச் சொல்வது இதனால்தான். கொஞ்சம் சுரண்டு, நாணைப் பூட்டிப் பல முறை மெல்ல இழுத்துவிடு, தள்ளி நின்று வளைவைப் பார், விறைத்து நிற்கும் இடத்தில் குறியிடு, மறுபடி சுரண்டு. 'டில்லரிங்' என்று சொல்லப்படும் இந்த வேலையில், ஓரிடம் மட்டும் அதிகம் வளைந்தால் அந்த 1 சதவீதக் கணக்கு அங்கே 2 ஆகிவிடும்; கூனோ முறிவோ அங்கேதான்.

கோணலை நிமிர்த்தச் சூடு காட்டலாம். செல்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகும், ஆறினால் புது வடிவத்தில் உறையும். ஆனால் சூடு ஈரத்தையும் துரத்திவிடும். சூடு காட்டிய அன்றே வளைத்துப் பார்த்து வில்லை உடைத்தவர்கள் உண்டு. சில நாள் சும்மா வைத்து, காற்றிலிருந்து ஈரம் திரும்ப விட வேண்டும்.

எல்லாம் சரியாக வந்தால்? 50 பவுண்டு விசையுள்ள வில்லை நாண் நிலையிலிருந்து 22 அங்குலம் இழுத்தால், தோராயமாக 62 ஜூல் ஆற்றல் மரத்தில் சேர்கிறது. 30 கிராம் அம்பு நொடிக்கு 50 மீட்டரில் பறந்தால் அது எடுத்துப்போவது 37.5 ஜூல். மீதி, வில்லின் இரு கைகளையும் முன்னோக்கி வீசுவதிலும் அதிர்விலும் மரத்தின் உள்ளுராய்விலும் போகிறது. முனைகளை மெலிதாக்கினால் அந்த மீதியில் கொஞ்சத்தை அம்புக்குத் திருப்பிவிடலாம்.

கடைசியாக எண்ணெயோ வார்னிஷோ பூசி, காற்றின் ஈரம் வேகமாக உள்ளே புகாமல் பார்த்துக்கொள்வார்கள். புது வில் கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டுப்பட்டு அது தேன் நிறமாகி, பிறகு பரணில் கிடந்த கட்டையின் அதே பழுப்புக்குத் திரும்பிவிடும். எப்போதாவது கைப்பிடியில் சுற்றிய தோலை அவிழ்த்தால், வெளிச்சம் படாத அந்த நான்கு அங்குலம் மட்டும் இன்னும் மஞ்சளாக இருக்கும்.