துருவச் சுழல்: புயலும் அன்று, சூறாவளியும் அன்று

வட அமெரிக்கப் பேரேரிப் பகுதிக்கான குளிர்கால வானிலைச் செய்திகளில் ‘போலார் வோர்டெக்ஸ்’ என்னும் தொடர் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறுகிறது. சிகாகோவையோ டொராண்டோவையோ பற்றித் தமிழில் எழுதுவோர் சிலர் அதைத் ‘துருவப் புயல்’ என்றும் ‘துருவச் சூறாவளி’ என்றும் எழுதிவிடுகின்றனர். இரண்டும் பொருந்தா. புயல் என்பது ஓரிடத்தில் உருவாகி, நகர்ந்து, சில நாட்களில் வலுவிழந்து ஓய்வது. இத்தொடர் குறிப்பதோ, இலையுதிர்காலத்தில் துருவத்தின் மேலே, வளிமண்டலத்தின் மேலடுக்கான அடுக்குமண்டலத்தில் உருவாகி, இளவேனில் வரும்வரை மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும், தரைக்கு ஏறத்தாழ 16 முதல் 50 கிலோமீட்டர் உயரத்தில் அமைந்த மாபெரும் காற்றோட்டத்தை. அது ஊருக்குள் ‘வருவதும்’ இல்லை, ‘தாக்குவதும்’ இல்லை.

‘வோர்டெக்ஸ்’ என்பது திருப்புதல் எனப் பொருள்படும் ‘வெர்தெரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல். நீர்ச்சுழிக்கும் அதுவே பெயர். ‘போலார்’ என்பதன் வேர், சுழலும் அச்சைக் குறித்த ‘போலோஸ்’ என்னும் கிரேக்கச் சொல். இவ்விரண்டும் இணைந்த தொடர் 1853 ஆம் ஆண்டிலேயே ஆங்கில அச்சில் வந்துவிட்டது என்றாலும், நெடுங்காலம் வானிலையாளர்களின் வழக்காகவே இருந்து, 2014 ஜனவரியில் அமெரிக்காவை வாட்டிய கடுங்குளிரின்போதுதான் எல்லார் வாயிலும் புகுந்தது. குளிருக்கே அதைப் பெயராக்கிவிட்ட குழப்பமும் அப்போது பரவியதே.

சுழல் வலுவாக இருக்கும்வரை கடுங்குளிர்க் காற்று பெரும்பாலும் வடக்கிலேயே அடைபட்டிருக்கும். கீழிருந்து எழும் காற்றின் பேரலைகள் சுழலைக் குலைக்கும்போது அடுக்குமண்டலத்தின் வெப்பநிலை சில நாட்களிலேயே பல பத்து பாகை ஏறிவிடுகிறது. இதனை 1952 ஆம் ஆண்டில் பெர்லினில் முதன்முதலாகக் கண்டறிந்தவர் ஜெர்மன் வானிலையாளர் ரிச்சர்டு ஷெர்ஹாக். மேலே வெப்பம் ஏறுவதன் விளைவாகக் கீழே குளிர் இறங்கலாம் என்பது கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் சுழல் குலைந்தபின், அதற்குக் கீழே மேற்கிலிருந்து கிழக்காக விரைந்து வீசும் ஜெட் காற்றோட்டம் தெற்கே வளைந்து தொங்கினால், அந்த வளைவின் வழியே வடதுருவக் காற்று இறங்கிவிடுகிறது. 2019 ஜனவரித் தொடக்கத்தில் சுழல் இவ்வாறு பிளவுபட்டது. அம்மாத இறுதியில் சிகாகோவில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 பாகை செல்சியசையும் தாண்டி இறங்கியது. எனினும் ஒவ்வொரு குலைவும் ஒவ்வோர் ஊருக்கும் குளிரைக் கொண்டுவருவதில்லை.

தமிழில் ‘துருவச் சுழல்’ என்பதே தக்க சொல். நிலையானது எனப் பொருள்படும் வடசொல்லான ‘துருவம்’, ஓயாது சுற்றுவதைக் குறிக்கும் ‘சுழல்’ என்பதோடு சேர்வது சுவையான பொருத்தம். தென்துருவத்திலும் இத்தகைய சுழல் உண்டு. ஆதலால் ‘வடமுனைச் சுழல்’ என்று குறுக்குவது எல்லா இடத்துக்கும் உதவாது. ‘துருவச் சுழல்காற்று’ என்றும் நீட்ட வேண்டியதில்லை. சுழல்காற்று என்றதும் கூரையைப் பெயர்க்கும் காற்றே நினைவுக்கு வரும். ‘ஆர்க்டிக் குளிர்’ என்பதை அப்படியே ஆளலாம். கரடியைக் குறிக்கும் ‘அர்க்தோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லே ஆர்க்டிக்கின் வேர். வடவானில் கிரேக்கர் கரடியாகக் கண்ட விண்மீன் கூட்டத்தில்தான் நற்றிணை கைதொழும் ‘எழுமீன்’ என்னும் சப்தரிஷி மண்டலம் இருக்கிறது.

இச்செய்திகளில் இன்னொரு சொல்லிலும் கவனம் வேண்டும். தமிழில் ‘பனி’ என்று மட்டும் எழுதினால் மார்கழி விடியலின் புல்நுனித் துளியும் அதுவே, ஊட்டிப் புல்வெளியில் வெண்மையாகப் படியும் உறைபனியும் அதுவே. வானிலிருந்து விழுவதைப் ‘பனிப்பொழிவு’ என்றே குறிக்க வேண்டும். அமெரிக்க அரசின் பருவக் கணிப்பு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஒரு பகுதியின் வெப்பநிலையும், மழையும் பனியும் சேர்ந்த மொத்தப் பொழிவும் வழக்கத்தை விட மிகுமா குறையுமா என்பதற்கான வாய்ப்பை மட்டுமே கூறும். எந்த ஊரில் எவ்வளவு பனி பொழியும் என்பதை அது கூறுவதில்லை. ஆகவே அக்கணிப்பைத் தமிழில் தரும்போது ‘பனி பொழியும்’ என்று உறுதியாக எழுதுவது, ‘துருவப் புயல் தாக்கும்’ என்று எழுதுவதற்கு இணையான பிழையே.