150 மில்லிமீற்றர் மழை: மலையில் ஒரு கணக்கு, கொழும்பில் வேறு கணக்கு

மழை தொடங்கினால் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இரண்டு விதம். வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கத்திலிருந்து, "மழை விட்டாச்சு, மேலே ஏற்றிய சாமான்களை இறக்கலாமா?" என்பார்கள். புறக்கோட்டைக் கடைகளில் வேலை பார்க்கும் மலையகத்துப் பிள்ளைகள், "அம்மா தோட்டத்து லயத்துலதான் இருக்காங்க சார், 150 மில்லிமீற்றர்னு நியூஸ்ல சொல்றாங்களே?" என்று கேட்பார்கள். வடிகால் வடிவமைப்பு என் தொழில். முதல் கேள்விக்கு, களனி கங்கையின் மட்டத்தைப் பார்க்காமல் இறக்க வேண்டாம் என்பேன். இரண்டாவதற்கு, இப்போதே அம்மாவுக்கு அழைப்பு எடு என்பேன்.

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். பத்து பேர்ச்சஸ் காணியில் 100 மில்லிமீற்றர் பெய்தால், ஆயிரம் லீற்றர் தாங்கி 25 நிரம்பும். அவ்வளவும் உங்கள் ஒரு காணியிலிருந்து மட்டும். முற்றம் முழுக்கக் கொங்கிரீட் போட்டிருந்தால் ஏறக்குறைய எல்லாமே தெருவுக்குத்தான் வரும். வெள்ளவத்தையில் கடை வாசலுக்கு வாகனம் ஏற்றுவதற்காக வடிகானை மூடிக் கட்டியவர்களே, தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று முறைப்பாடும் கொடுப்பார்கள். அது வேறு கதை.

கொழும்பில் ஆண்டு முழுவதும் பெய்வது சராசரியாக 2,400 மில்லிமீற்றர் அளவில். 1992 ஜூன் 4ஆம் திகதி, அதில் ஐந்திலொரு பங்கு ஒரே நாளில் கொட்டியது. 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் நாடாளுமன்ற வளாகமே தண்ணீருக்குள் நின்றது. இவை நகரத்தின் மேலேயே பெய்த மழைகள். இப்படிப்பட்ட வெள்ளம் சட்டென்று ஏறும். கால்வாய் அடைபடாமல் இருந்து, அதன் தண்ணீர் வெளியேறும் வாயிலும் திறந்திருந்தால் சில மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும்.

களனி கங்கையின் வெள்ளம் அப்படியல்ல. சிவனொளிபாதமலைப் பக்கத்து உச்சிகளில் பிறக்கும் ஆறு, கித்துல்கல வரை பாறைகளில் துள்ளி இறங்குகிறது. ஹங்வெல்லைக்குக் கீழே தரை கிட்டத்தட்டச் சமம். மலையில் வேகமாக வந்த தண்ணீர் இங்கே ஓட வழியின்றிப் பரவும். மேலே பெய்த பெருமழை இங்கே வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அதற்குள் கொழும்பில் வெயில் அடிக்கும், சனம் உடுப்புக் காயப்போடும். 2016 மே மாதத்தில் மழை தணிந்த பிறகும் வெல்லம்பிட்டியில் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. கங்கை உயர்ந்தால் நகரக் கால்வாய்கள் அதற்குள் திறக்கும் கதவுகளை மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆறு ஊருக்குள் வந்துவிடும். மூடினால் ஊர்த் தண்ணீரைப் பம்ப் போட்டுத்தான் வெளியேற்றலாம். ஆகவே வானத்தைப் பார்க்காமல், கொழும்பில் கங்கையின் மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுகோலைப் பாருங்கள். அது இன்னும் அடியில்தான் சொல்லப்படுகிறது: 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். நீர்ப்பாசனத் திணைக்களம் அந்த அளவை வெளியிடுகிறது.

இனி மலை. அங்கே தண்ணீர் தேங்காது என்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் இருக்கிறார்கள். தேங்காத தண்ணீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி, மண்துகள்களுக்கு இடையிலுள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. மூன்று நாள் நனைந்த சரிவில் விழும் 80 மில்லிமீற்றர், காய்ந்த சரிவில் விழும் 150ஐ விட மோசமாகலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் எல்லைகள் இவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் புறப்படத் தயார், 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். இந்த எண்களை எட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு, சாயும் மரம் அல்லது மின்கம்பம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, ஊறிக்கொண்டிருந்த ஊற்று சட்டென்று நிற்பது, இதில் ஒன்றைக் கண்டாலே கிளம்பிவிட வேண்டும்.

காலத்தையும் கவனியுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். மலைக்கு அப்பாலுள்ள பதுளை, வெலிமடைக்கு எஞ்சியது காய்ந்த காற்று. ஒக்டோபரிலிருந்து நிலைமை மாறும், அந்தப் பக்கமும் மழை கொட்டும். பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29இல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்கள் மிக மோசமாக அடிபட்டன. கொழும்பில் இருந்துகொண்டு "மே மாதம் தப்பிட்டோம்" என்று ஊருக்குச் சொல்வதில் அர்த்தமில்லை. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 வீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதால், வருகிற மழைகளும் சாதுவாக இருக்கப்போவதில்லை.

வானொலியில் வரும் அளவு பத்துக் கிலோமீற்றர் தள்ளியிருக்கும் மழைமானியின் அளவாக இருக்கலாம். மலையில் ஒரு முகட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டும்போது இந்தப் பக்கம் தூறும். ஊரில் உள்ளவர்களிடம் வெறும் பால்மா டின் ஒன்றை, மரமோ கூரையோ மறைக்காத திறந்த இடத்தில் நேராக வைக்கச் சொல்லுங்கள். யோகட் கோப்பை சரிவராது, மேலே விரிந்திருப்பதால் அளவு கூட்டிக் காட்டும். காலையில் அளந்து கொட்டிவிட்டு, மழை வலுத்தால் இடையிடையே அடிமட்டத்தை விட்டுப் பார்க்கலாம். ஏழரை சென்ரிமீற்றர் என்றால் 75 மில்லிமீற்றர். அந்த அளவு வந்ததும், இரவாக இருந்தாலும், பக்கத்து லயத்துக்கும் சொல்லிவிட்டு உங்களுக்கு ஒரு அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.