சால்டி: கரிப் பரப்பின் துணையோடு அயனியாக்கம்

‘சர்ஃபேஸ் அசிஸ்டட் லேசர் டிசார்ப்ஷன் அயனைசேஷன்’ என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துச் சுருக்கம்தான் சால்டி. ஒரு பரப்பில் ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளை லேசர் துடிப்பால் கிளப்பி, அயனிகளாக்கி (மின்னூட்டம் உள்ள துகள்களாக்கி), எடை காணும் கருவியான நிறை நிறமாலைமானிக்குள் அனுப்பும் முறை. சிலிக்கான், உலோகத் துகள் என்று பல பரப்புகள் இதற்கு உண்டு. இங்கே பேசப்போவது கரிப் பரப்பை: கிராபைட் (பென்சிலில் உள்ள கரி), கிராபீன் (அதன் ஒற்றை அடுக்கு), கார்பன் நானோகுழாய் (அந்த அடுக்கைச் சுருட்டினாற்போன்ற குழாய்).

வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் வேதியியல் சேரும் பிள்ளைகளுக்கு இது வெறும் ஆங்கிலச் சுருக்கமாகத்தான் போய்ச் சேர்கிறது. சுருக்கம் மனப்பாடமாகிவிடும், உள்ளே நடப்பது மனதில் நிற்காது. அதனால் பெயரைப் பிரிப்பதற்கு முன் வேலையைப் பார்ப்போம்.

நிறை நிறமாலைமானி மூலக்கூறுகளை மின்புலத்தால் இழுத்து ஓடவிட்டு எடை காண்கிறது. மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு அதற்குப் பிடிபடாது. சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். சூடாக்கி ஆவியாக்கலாம் என்றால் கருகிவிடும். லேசரை நேராக அடிக்கலாம் என்றால், இந்தக் கருவிகளில் நீண்ட காலம் வழக்கமாக இருந்த நைட்ரஜன் லேசரின் 337 நானோமீட்டர் புற ஊதா ஒளியைச் சர்க்கரை உறிஞ்சுவதில்லை. நடுவில் ஒளியை வாங்கிக் கைமாற்றிவிட ஒன்று வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தள்ளுவண்டியில் கடலை வறுக்கிறார்களே, அங்கே தீயின் சூட்டை மணல் வாங்கிக் கடலைக்குக் கொடுக்கிறது, கடலை தீயாமல் வறுபடுகிறது. சால்டியில் அந்த வேலை கரிக்கு.

கரி ஏன்? கிராபைட்டில் ஒவ்வொரு கார்பன் அணுவும் மூன்று அணுக்களோடு பிணைந்துகொண்டு, மிச்சமுள்ள ஒரு எலக்ட்ரானை அடுக்கு முழுவதற்கும் பொதுவாக விட்டுவிடுகிறது. இந்தப் பொது எலக்ட்ரான்கள் புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை எந்த ஒளியையும் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் அது கறுப்பு. சில நானோவினாடியே நீடிக்கும் துடிப்பு பட்டதும் பரப்பு சட்டென்று சூடேறுகிறது. மேலே இருக்கும் மூலக்கூறு சிதைய நேரம் கிடைப்பதற்குள் கிளம்பிவிடுகிறது. போகும்போது பெரும்பாலும் ஒரு சோடியம் அயனியைச் சேர்த்துக்கொண்டு போகும். சுக்ரோஸின் எடை 342, சோடியம் 23, கூட்டினால் 365. திரையில் 365-இல் ஒரு முகடு எழும். குளுக்கோஸ் என்றால் 203. சூடு எவ்வளவு, பரப்பிலிருந்து நடக்கும் மின்னூட்டப் பரிமாற்றம் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு.

சால்டிக்கு அண்ணன் மால்டி, அதாவது ‘மேட்ரிக்ஸ் அசிஸ்டட் லேசர் டிசார்ப்ஷன் அயனைசேஷன்’. அதில் பரப்புக்குப் பதிலாக, ஒளியை உறிஞ்சும் ஒரு கரிம அமிலத்தோடு (இதுதான் ‘மேட்ரிக்ஸ்’) மாதிரியை, அதாவது சோதிக்க வேண்டிய பொருளை, கலந்து படிகமாக்குவார்கள். புரதங்களுக்கு அது அருமையான முறை. ஆனால் 154, 189 என்று எடையுள்ள அந்த அமிலங்களும் அவற்றின் துண்டுகளும் 500-க்குக் கீழே திரையை அடைத்துக்கொள்ளும். சிறு மூலக்கூறு தேடுபவருக்குப் பெரிய தொல்லை. கரிப் பரப்பில் இந்த இரைச்சல் குறைவு. லேசரைக் கூட்டிவிட்டால் மட்டும் கரியே பெயர்ந்து, 12 எண்ணுக்கு ஒன்றாக (ஒரு கார்பன் அணுவின் எடை 12) முகடுகள் வரிசைகட்டும். 1985-இல் கிராபைட்டை லேசரால் ஆவியாக்கியபோது 720-இல் தனித்து உயர்ந்த முகடுதான் 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து வடிவ மூலக்கூறான ஃபுல்லரீனைக் காட்டிக்கொடுத்தது.

சால்டிக்கு விதை போட்டவர் ஜப்பானின் கோய்ச்சி தனாகா. 1980-களில் கிளிசராலில் மிக நுண்ணிய கோபால்ட் தூளைக் கலந்து புரதத்தை அயனியாக்கிக் காட்டினார். 2002-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 1995-இல் வேதியியலாளர் ஜான் சன்னரும் அவர் குழுவினரும் கிளிசராலில் கிராபைட் தூளைக் கலந்து செய்தார்கள். சால்டி என்ற பெயர் அப்போது வந்தது. அப்புறம் மாதிரித் தட்டில் சாதாரண பென்சிலைத் தேய்த்து, அதன் மேல் மாதிரியைச் சொட்டுவிட்டு உலர்த்தியும் செய்து பார்த்திருக்கிறார்கள். வேலை செய்தது.

இனி தமிழ்ப் பெயர். ‘டிசார்ப்ஷன்’ என்பதில்தான் சிக்கல். உறிஞ்சுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. மேலே ஒட்டுவதைக் குறிக்கும் ‘அட்சார்ப்ஷ’னுக்கு எதிர்ச்சொல். பரப்பு நீக்கம் என்று எழுதினால் பரப்பையே நீக்குவதாகப் பொருள்படும். இங்கே பரப்பு தட்டில்தான் இருக்கிறது, மூலக்கூறுதான் விடுபட்டுப் போகிறது. அதனால் ‘விடுபடல்’ பொருத்தம். லேசருக்குச் சீரொளி என்ற நல்ல சொல் உண்டு, ஆனால் கண் ஆஸ்பத்திரிப் பலகையிலும் லேசர்தான், அதை மாற்ற வேண்டியதில்லை. ‘அயனி’ கிரேக்கத்தில் ‘செல்வது’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து 1834-இல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த ‘அயான்’. தமிழில் எப்போதோ ஊறிவிட்டது. ஆக, பரப்புத்துணை லேசர் விடுபடல் அயனியாக்கம். சுருக்கமாகப் பரப்புத்துணை அயனியாக்கம் என்றாலும் சரி. மால்டியின் ‘மேட்ரிக்’ஸை மட்டும் தயவுசெய்து ‘அணி’ என்று பெயர்க்காதீர்கள். அது கணக்குப் பாடத்துச் சொல். இங்கே ‘தாங்கு ஊடகம்’ போதும்.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியது நம் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. அப்படிப்பட்ட எண்ணெயில் பைரீன் (எடை 202), பென்சோபைரீன் (252) போன்று கார்பன் வளையங்கள் பல ஒட்டிக்கொண்டிருக்கும் சேர்மங்கள் உண்டு. இரண்டுமே 500-க்குக் கீழே. தட்டையான இந்த வளையங்கள் கிராபீனின் தட்டையான பரப்பில் நன்றாக ஒட்டும் என்பதால், நீரிலிருந்து அவற்றைப் பிடித்துச் சேர்க்கவும், பிறகு லேசர் முன் வைக்கவும் ஒரே கரி உதவும். நம் தமிழ்ப் பெயர் வாக்கியத்தில் இப்படி வரும்: “கழிமுக நீரில் கிராபீன் துகளைக் கலக்கி, வடித்தெடுத்து, பரப்புத்துணை லேசர் விடுபடல் அயனியாக்கத்துக்குத் தட்டில் வைத்தோம்.”