ஹாம் ரேடியோ: பிடிக்க வைப்பதும் விட வைப்பதும்

பொழுதுபோக்காக வானொலிக் கருவி வைத்து மற்றவர்களோடு பேசுவதுதான் ஹாம் ரேடியோ. அதற்கான உரிமம் வாங்கியதும் பலர் கைக்கு முதலில் வருவது ஒரு வாக்கிடாக்கி. விலை குறைவு, பையில் போட்டுக்கொள்ளலாம், 144 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 5 வாட் சக்தியில் பேசும். தேர்வுக்குப் படித்து, கால்சைன் (நமக்கென்று தரப்படும் அழைப்புக் குறியீடு) வந்து சேர்ந்து, பொத்தானை அழுத்தி "யாராவது கேட்கிறீர்களா?" என்றால் பதில் இல்லை. மறுநாளும் இல்லை. கொஞ்ச நாளில் கருவி இழுப்பறைக்குள் போய்விடுகிறது. ஆர்வம் வடிவது பெரும்பாலும் இங்கேயே தொடங்கிவிடுகிறது என்பது என் கணிப்பு.

கருவியில் கோளாறு எதுவும் இல்லை. 144 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். தரையில் நிற்கும் இருவருக்கு நடுவே கட்டடம், மேடு, கடைசியில் பூமியின் வளைவு என்று ஏதாவது மறித்துவிடும். சில கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். குன்றின் மேல் ரிப்பீட்டர், அதாவது வரும் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம், இருந்தால் தூரம் கூடும். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க ஆள் வேண்டுமே! உலகத்தோடு பேசலாம் என்று வந்தவரிடம், அதற்கான அலைவரிசை வேறு என்று யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலை. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இப்படி உருவாகும் அயனி மண்டலத்தில், சுமார் 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் எஃப் அடுக்கு, சிற்றலையை வளைத்துத் தரைக்கே திருப்பி அனுப்பும். ஒரே தாவலில் 3,000 கிலோமீட்டர்கூடப் போகலாம். கடலிலோ நிலத்திலோ பட்டு அது மறுபடி மேலே ஏறும். 100 வாட் கருவியையும் ஆன்டெனாவாக 10 மீட்டர் கம்பியையும் வைத்துக்கொண்டு 14 மெகாஹெர்ட்ஸில் அடுத்த கண்டத்தை எட்ட முடிவது இதனால்தான். எஃப் அடுக்குக்குக் கீழே, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், டி அடுக்கு என்று ஒன்று உண்டு. பகலில் 3.5, 7 மெகாஹெர்ட்ஸ் அலைகளை அது விழுங்கிவிடும், இருட்டியதும் கலைந்துவிடும். 28 மெகாஹெர்ட்ஸ் நேர்மாறு: சூரியப் புள்ளிகள் மிகுந்து சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில், பகல் வேளையில்தான் நன்றாகத் திறக்கும்.

குமிழைத் திருப்பிக்கொண்டே போகும்போது இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் மேலெழும். வெவ்வேறு பாதையில் வந்த அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் விடுவதால் அது ஏறும், இறங்கும். "சி.க்யூ., சி.க்யூ." என்று, யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்ற பொருளில், ஒருவர் அழைக்கிறார். நம் கால்சைனைச் சொல்கிறோம். அவர் திருப்பிச் சொல்கிறார், கடைசி எழுத்து மட்டும் தப்பு. திருத்துகிறோம். "ஃபைவ் நைன்" என்று சிக்னல் மதிப்பைப் பரிமாறி, "செவன்ட்டி த்ரீ" என்று விடைபெற ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. பேசிய விஷயம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. எட்டியதுதான் விஷயம்.

எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்கு ஒரு பிடி உண்டு. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் சோதனைகளில், கொத்தும்போதெல்லாம் தானியம் பெற்ற புறாவைவிட, எப்போதாவது பெற்ற புறா, தானியம் அறவே நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டிருந்தது. சிற்றலை இந்த நிச்சயமின்மையை இயற்கையாகவே தருகிறது. ஆனால் அந்த 'எப்போதாவது' வந்தே ஆக வேண்டும். சூரியனின் உக்கிரம் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். 1957-58இல் சூரியப் புள்ளிகள் பதிவானவற்றிலேயே உச்சத்தைத் தொட்டன; 2019 டிசம்பரில் அடிமட்டம். உச்சத்தில் சேர்ந்தவர் 28 மெகாஹெர்ட்ஸில் சில வாட்டை வைத்தே உலகத்தைச் சுற்றிவருவார். ஐந்தாறு ஆண்டு கழித்து அதே கம்பி, அதே கருவி, ஆனால் வெறும் இரைச்சல். ஆன்டெனா கெட்டுவிட்டதோ என்று கூரை ஏறுவார்.

சூரியனாவது திரும்பி வரும். வீட்டு இரைச்சல் அப்படியில்லை. எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் போன்றவற்றில் பெரும்பாலும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித் தரும் சுற்று இருக்கிறது. சரியான வடிகட்டி இல்லாவிட்டால் அதன் மடங்கு அதிர்வெண்கள் சிற்றலை முழுக்கச் சிதறும். சிக்னலின் வலிமையைக் காட்டும் ரேடியோவின் எஸ்-மீட்டரில் ஒரு படி ஏறினால் சக்தி நான்கு மடங்கு. இரைச்சல் எஸ்-3இலிருந்து எஸ்-7க்கு ஏறினால் 256 மடங்கு. முன்பு 100 வாட்டில் நமக்குத் தெளிவாகக் கேட்ட ஒருவரின் குரல் இப்போது அதே தெளிவோடு கேட்க, அவர் 25,000 வாட்டுக்கு மேல் அனுப்ப வேண்டும். நடக்கிற காரியமா? அதோடு, 7 மெகாஹெர்ட்ஸ் கம்பிக்கு 20 மீட்டர் இடம் தேவை. அடுக்குமாடியில் இருப்பவருக்கு அதுவும் கஷ்டம்.

இந்த இரைச்சலுக்கு மருந்தாக அமைந்தது 2017இல் வந்த எஃப்.டி.8 என்ற கணினிவழிச் செய்தி முறை. இணை விண்மீனோடு சுற்றும் பல்சாரை (துடிப்பு விண்மீனை) கண்டுபிடித்ததற்காக 1993இல் இயற்பியல் நோபல் பரிசை ரஸ்ஸல் ஹல்ஸோடு பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்க் என்பவரோடு சேர்ந்து இதை உருவாக்கினார். வெறும் 50 ஹெர்ட்ஸ் அகலத்தில், 15 விநாடிக்கு ஒருவர் என மாறி மாறிச் சிறு செய்தியை அனுப்பும். காதுக்கே எட்டாத சிக்னலையும் கணினி படித்துவிடும். இது இல்லாவிட்டால் பலர் எப்போதோ கருவியை விற்றிருப்பார்கள். ஆனால் இரண்டு கணினிகள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன சுவை என்று விலகுபவர்களும் உண்டு. எனக்கும் அந்தக் கட்சிமேல்தான் சாய்வு. உரிமத்துக்கு மோர்ஸ் (புள்ளி-கோடு ஒலிக்குறியீடு) தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2003இல் உலக வானொலி மாநாடு தளர்த்திய பிறகும் அதை விரும்பிக் கற்பவர்கள் இருப்பது சும்மாவா?

அரட்டைக்காக மட்டும் வந்தவரைப் போன் இழுத்துக்கொள்ளும். ஆன்டெனா கட்டுபவரும், 100 நாடுகளோடு பேசிப் பட்டியலை நிரப்புபவரும் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. வேலை, குழந்தைகள் என்று நடுவில் காணாமல் போனாலும் ஓய்வுக்காலத்தில் திரும்பி வருபவர்கள் உண்டு.

புதிதாக வருபவர் முதலில் இணையம்வழி யாரோ ஒருவருடைய சிற்றலை ரேடியோவை இயக்கிக் கேட்டுப் பார்க்கலாம். பல நாடுகளில் இப்படித் திறந்து வைத்திருக்கிறார்கள், செலவில்லை. உரிமம் வந்த பிறகு, இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர் கம்பி இருந்தால் 28 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனா தயார். ஆனால் 2024இல் உச்சம் தொட்ட சூரியன் இனி இறங்குமுகம்தான். இடம் இருந்தால் பக்கத்துக்கு ஐந்து மீட்டர் விட்டு 14 மெகாஹெர்ட்ஸுக்கே கட்டிவிடுவது நல்லது. அது அடிமட்டக் காலத்திலும் பகலில் ஓரளவு திறந்திருக்கும்.