ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு, முதல் சிகிச்சைக்கு முன்னால்

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு என்றதும் சுயபரிசோதனை, மேமோகிராம், கட்டி தெரிந்தால் உடனே காட்டுங்கள் என்றுதான் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் கட்டி தெரிந்து, ஊசி போட்டு டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்டில் கேன்சர் என்றே வந்துவிட்ட ஒரு பெண் மறுநாள் காலையில் எங்கே போவது, கையில் எதை எடுத்துக்கொண்டு போவது, டாக்டரிடம் என்ன கேட்பது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. மும்பையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளி வழிகாட்டியாக வேலை பார்க்கிறேன். தமிழ் தெரியும் என்பதால் தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர், கல்யாண் பக்கமிருந்து வருகிற நம் பெண்களைப் பெரும்பாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். ரிப்போர்ட் வந்த நாளுக்கும் முதல் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில வாரங்களில்தான் ஆள் காணாமல் போகிறார்கள். சிலர் ஆறு மாதம் கழித்து, கட்டி புண்ணாகி, அப்புறம் வருவார்கள்.

என் வேலை மருந்து எழுதுவதோ ஊசி போடுவதோ இல்லை. எந்த நாளில் எந்த டெஸ்ட், எந்தக் கட்டிடம், எந்தப் பேப்பர் குறைகிறது, பணத்துக்கு என்ன வழி, டாக்டர் சொன்னது புரிந்ததா, வீட்டில் யார் துணை என்று கூடவே இருந்து பார்த்துக்கொள்வதுதான். இதை முதலில் ஒரு முறையாகச் செய்து காட்டியவர் ஹெரால்ட் ஃப்ரீமேன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், நியூயார்க்கின் ஹார்லெமில், 1990-ல். அங்கே ஏழைக் கறுப்பினப் பெண்கள் நோய் முற்றிய பிறகுதான் வந்துகொண்டிருந்தார்கள். ஐந்தாண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம். குறைந்த செலவில் பரிசோதனையும், கூடவே வர ஒரு ஆளும் கிடைத்த பிறகு வந்த நோயாளிகளிடம் அது 70 சதவீதம் ஆனது. நடுவில் மருந்துகளும் முன்னேறின, எல்லாப் பெருமையும் வழிகாட்டிகளுக்கு இல்லை. ஆனால் மருந்து இருந்தாலும் அது வரைக்கும் ஆள் வந்து சேர வேண்டுமே. நம் ஊரில் பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை, டாடா சமூக அறிவியல் நிறுவனத்தோடு சேர்ந்து 'கேவட்' என்ற பெயரில் இதற்கென்றே ஓராண்டுப் படிப்பு நடத்துகிறது. எல்லா மருத்துவமனையிலும் இப்படி ஆள் கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்: பக்கத்து வீட்டு அக்காவுக்கோ உங்கள் சித்திக்கோ இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டி வரலாம்.

இந்தியாவில் 2022-ல் மட்டும் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்திருக்கிறது, 98 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. ஆபரேஷன் நான்கு வாரம் தள்ளிப் போனாலே இறக்கும் அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020-ல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதற்காக ரிப்போர்ட் வந்த அன்றே ஓடிப்போய் அட்மிட் ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. சரியான டெஸ்ட்டுகளுக்கு இரண்டு மூன்று வாரம் போவது வீண் இல்லை. வீணாகிற நாட்கள் வேறு மாதிரி.

பிளாக் என்று ஒன்று இருக்கிறது. பயாப்ஸியில் எடுத்த சதைத் துண்டை லேபில் மெழுகுக்குள் பதித்து வைப்பார்கள், அதுதான் பிளாக். அதிலிருந்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டினால் ஸ்லைடு. பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் வெளியே எடுத்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு கீமோ ஆரம்பிக்க மாட்டார்கள், பிளாக்கையும் ஸ்லைடையும் தங்கள் லேபில் மறுபடி பார்ப்பார்கள். இது யாருக்கும் தெரிவதில்லை. கல்யாணிலிருந்து முதல் லோக்கல் ரயிலைப் பிடித்து வந்த ஒரு அக்கா, ஜவுளிக்கடைப் பையில் எல்லாவற்றையும் கொண்டு வந்திருந்தார். ஸ்கேன் ஃபிலிம், சுகர் ரிப்போர்ட், பதினெட்டு வருடத்துக்கு முந்தைய பிரசவ ஃபைல் கூட. பிளாக் மட்டும் இல்லை. லேபுக்குப் போனால் டாக்டர் லெட்டர் கேட்டார்கள், லெட்டர் கொடுக்க வேண்டிய டாக்டர் வெளியூர், இப்படியே ஒரு வாரத்துக்கு மேல் போய்விட்டது. பயாப்ஸி ரிப்போர்ட் வாங்கும்போதே பிளாக்கும் ஸ்லைடும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன டப்பாவில், வெயில் படாமல், நசுங்காமல் வையுங்கள். ரிப்போர்ட் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

அடுத்தது மொழி. இதைத்தான் நான் அதிகம் பேச வேண்டும். மும்பையில் முப்பது வருடமாக இருக்கிற நம் பெண்களுக்குக் கடையில் பேரம் பேச ஹிந்தி போதும், இட்லி விற்க மராத்தியும் வரும். டாக்டரைப் பார்க்கிற ஓபிடி அறையில் அது போதாது. ஒரு நாள் ஏழாம் வகுப்புப் படிக்கிற பையன் அம்மாவோடு வந்திருந்தான், அவன்தான் மொழிபெயர்ப்பாளர். டாக்டர் சொன்னது: முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்குவோம், நன்றாகச் சுருங்கினால் மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கப் பார்க்கலாம். அந்தப் பையனுக்கு அம்மா முகத்தைப் பார்த்து 'மார்பு' என்று சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஆபரேஷன் பண்ணணுமாம்மா" என்று மட்டும் சொன்னான். அந்த அம்மா வெளியே வந்து, அடுத்த வாரம் மார்பை அறுத்துவிடுவார்கள் என்று நினைத்து, திருநெல்வேலியில் இருக்கிற அக்காவுக்குப் போன் போட்டு, "எனக்கு வேண்டாம்க்கா, நான் ஊருக்கு வந்துடுறேன்" என்று அழுதுகொண்டிருந்தார். தற்செயலாக அந்த வழியாகப் போனதால் காதில் விழுந்தது. உட்கார வைத்து, பையனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, முதலிலிருந்து தமிழில் சொன்னேன். மூன்றாவது நாள் மற்ற டெஸ்ட்டுகளுக்கு வந்தார்.

பிள்ளைகளை இந்த வேலைக்குக் கூட்டி வராதீர்கள். பதிவு செய்யும் இடத்திலேயே "தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா" என்று கேளுங்கள். நர்ஸ், ஆயா, செக்யூரிட்டி என்று மும்பையில் பெரிய மருத்துவமனைகளில் தேடினால் பெரும்பாலும் ஒருவர் கிடைப்பார். இல்லையென்றால் டாக்டரிடம் அனுமதி கேட்டு, ஹிந்தியோ ஆங்கிலமோ நன்றாகத் தெரிந்த உறவினரைப் போனில் ஸ்பீக்கரில் போடுங்கள். வெளியே வந்ததும் "புரிஞ்சுதா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். "டாக்டர் என்ன சொன்னாங்க, எனக்கு ஒரு தடவை சொல்லுங்கக்கா" என்று கேட்டால் எது போய்ச் சேரவில்லை என்று தெரிந்துவிடும்.

முதலில் கீமோ என்றால் ஆபரேஷனே செய்ய முடியாத அளவுக்கு முற்றிவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. சில வகைகளுக்கு மருந்தை முதலில் கொடுப்பதுதான் நல்லது, கட்டி எவ்வளவு கரைகிறது என்பதைப் பார்த்து அடுத்த மருந்தைத் தீர்மானிக்கலாம். எந்த வகை என்பதைச் சொல்வது ஈஆர், பிஆர், ஹெர்2 என்கிற டெஸ்ட்; முதல் இரண்டும் கட்டி ஹார்மோனால் வளர்கிறதா என்றும், ஹெர்2 அந்தப் பெயருள்ள புரதம் கட்டியில் அதிகமா என்றும் பார்ப்பவை. இது வர ஒரு வாரம் போல ஆகும். ஹெர்2 இரண்டு பிளஸ், அதாவது தெளிவில்லாமல் வந்தால், அதை உறுதிப்படுத்த ஃபிஷ் டெஸ்ட் என்று இன்னும் சில நாள். இந்தக் காத்திருப்பில்தான் வீட்டில் பொறுமை போய், "இவங்க இழுத்தடிக்கிறாங்க" என்று வேறு மருத்துவமனைக்கு ஓடி, எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அந்த ரிப்போர்ட் இல்லாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. ஆரம்ப நிலையில் மார்பை முழுதாக எடுத்தால்தான் பிழைப்போம் என்பதும் சரியில்லை. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுளில் வித்தியாசம் இல்லை என்பதை இருபது ஆண்டு தொடர்ந்து கவனித்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2002-லேயே காட்டிவிட்டன. எனக்கு இது சாத்தியமா என்று வாய் திறந்து கேளுங்கள். இன்னும் குழந்தை பெற நினைக்கிற பெண்கள் அதையும் கீமோவுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் வழிகள் குறைந்துவிடும்.

ஊசி குத்தினால் பரவும் என்று பயந்து பயாப்ஸி வேண்டாம் என்பவர்களுக்கு: பரவாது. பயாப்ஸி எடுக்காமலே பக்கத்து நர்சிங் ஹோமில் கட்டியை வெட்டி எடுத்துவிட்டு வருவதுதான் பெரிய சிக்கல், பிறகு இன்னொரு ஆபரேஷன் வரை போகும்.

வீட்டுக்காரர்கள் தனியாக வந்து, "அவகிட்ட சொல்லாதீங்க மேடம், தாங்க மாட்டா" என்பார்கள். பாசம்தான், எனக்குத் தெரியும். ஆனால் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப் போவது அவர், முடி கொட்டப் போவது அவருக்கு. வீட்டுக்காரரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க" என்று அந்தப் பெண்ணிடம் கேட்பேன். பெரும்பாலும் வருகிற பதில், "அன்னிக்கே தெரியும், அவர் பயந்துடுவார்னுதான் கேட்கலை." அப்புறம்தான் உண்மையான கவலைகள் வெளியே வரும்: காலையில் தண்ணீர் யார் பிடிப்பது, மகளுக்கும் வருமா, அவள் கல்யாணத்துக்குத் தடை ஆகுமா. பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான், தேவைப்பட்டால் மரபணு டெஸ்ட் இருக்கிறது என்று சொன்னாலே பாதிப் பாரம் இறங்கும்.

பணம். மகாராஷ்டிராவில் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கிய யோஜனா என்ற அரசின் இலவச சிகிச்சைத் திட்டம் இருக்கிறது, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் அதற்கு உதவ ஆரோக்கிய மித்ரா என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஆனால் நம் ஆட்களில் பாதிப்பேருக்கு ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது, இந்தத் திட்டத்துக்கு மகாராஷ்டிரா கார்டோ இந்த மாநிலத்தில் குடியிருப்பதற்கான சான்றோ வேண்டும். சிகிச்சைக்கு முன்பே திட்டத்தின் ஒப்புதல் வாங்குவதும் முக்கியம். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பிறகு என்னிடம் வருகிறார்கள், அதற்கு முன்னால் மருத்துவ சமூகப் பணியாளர் அறை எங்கே என்று கேட்டுப் போயிருக்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, கார்டில் அந்தப் பெண்ணின் பெயர் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா, இதை முதல் நாளே பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அங்கேயே நிற்கும்.

இங்கேயா ஊரிலா என்பதையும் முதலிலேயே முடிவு செய்வது நல்லது. கீமோ பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, பல மாதம். கதிர்வீச்சு வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம். பத்துக்குப் பத்து வீட்டில், பொதுக் கழிப்பறையோடு, ஆபரேஷனுக்குப் பிறகு புண்ணிலிருந்து நீர் வடிய உடம்பில் தொங்குகிற டிரெயின் பையோடு எப்படி இருப்பது என்று யோசிக்க வேண்டும். தோளில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னத் துணிப்பை தைத்து அதற்குள் டிரெயினை வைத்துக்கொண்டால் வரிசையில் நிற்கும்போது யாரும் இடித்து இழுத்துவிட மாட்டார்கள். இதை ஒரு நோயாளிதான் எனக்குச் சொல்லித் தந்தார். ஊரில் அம்மா, அக்கா இருந்தால் அங்கே போவதும் நல்ல முடிவுதான், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-லிருந்து இருக்கிறது. சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் கட்டணச் சலுகையும் உண்டு, மருத்துவமனையில் படிவம் வாங்க வேண்டும், துணைக்கு வருபவருக்கும் சேர்த்து. பாதி இங்கே பாதி அங்கே என்று சொல்லாமல் கொள்ளாமல் மாறுவதுதான் ஆபத்து. மாறுவதென்றால் சுருக்க அறிக்கையும் பிளாக்கும் கையோடு போகட்டும்.

ஒன்று மட்டும் இன்னும். ஊரில் சாவு, கோயில் கொடை, மகன் பரீட்சை என்று தேதி தவறிவிடும். அப்புறம் "டாக்டர் திட்டுவாங்க" என்று பயந்து போகாமலே இருந்துவிடுவார்கள். தேதி தவறினால் அடுத்த நாளோ அடுத்த வாரமோ ஃபைலை எடுத்துக்கொண்டு நேராக வந்துவிடுங்கள். யாராவது திட்டினாலும் அது இரண்டு நிமிடம். புதுத் தேதி வாங்கித் தருவது எங்கள் வேலை.